சந்தைக் கோழி வந்த வாரத்தில் சாவு ஏன்?

கேள்வி: புழக்கடையில் 30 நாட்டுக்கோழி வளர்த்தோம். சந்தையில் இரண்டு விடைக்கோழி வாங்கி விட்டோம். பத்து நாளில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, 23 கோழிகள் செத்துவிட்டன. கடையில் வாங்கிய தூளைத் தண்ணீரில் கலந்து கொடுத்தும் பலனில்லை. மிச்சம் ஏழு. இனி என்ன செய்வது?

- ஒரு வாசகி, காளையார்கோவில்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயைக் காட்டுகின்றன. கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. தூளுக்குக் கொடுத்த காசு வீண்தான்.

கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும்; சில சமயம் இரண்டு வாரம்கூட. அதனால் சந்தையில் துள்ளிய கோழி வீட்டுக்கு வந்த பிறகு சுருளும். புதுக்கோழியை மூன்று வாரம் தனியே அடையுங்கள். தீனித்தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனி. பழைய கோழிகளைக் கவனித்த பிறகுதான் அதன் பக்கம் போக வேண்டும். செருப்பிலும் கிருமி வரும்.

செத்த கோழிகளை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டில் வீசும் வழக்கம் நம் பக்கம் உண்டு. நாயும் காக்கையும் அதை அடுத்த தெருவுக்கு இழுத்துப்போகும். மூன்றடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். மிச்சம் ஏழையும் சந்தைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். உங்களுக்கு வந்த வினை அப்படித்தான் வந்திருக்கும். பிழைத்தவை சில வாரம் கிருமியைக் கழிக்கும். முட்டையும் கொஞ்ச நாளைக்குக் குறையும், தோல்முட்டையாக விழும்.

கூண்டில் எச்சத்தின் மேலேயே சுண்ணாம்பு அடிப்பது பயன் தராது. முதலில் சுரண்டி, கூட்டி, கழுவி, வெயிலில் காயவிட்டுப் பிறகு அடியுங்கள். ஐப்பசி மழையில் தரை நனைந்தால் வேறு தொல்லை: குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல். அதற்கு ஈரமே காரணம். கடலைத்தோலோ உமியோ பரப்பி, அடிக்கடி கிளறி, நனைந்ததை அள்ளிவிடுங்கள்.

புதுக்குஞ்சுகளை ஒரு மாதம் கழித்து, வேறு இடத்தில் வளருங்கள். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. கால்நடைத்துறை பிப்ரவரியில் ஊர்களில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். மருந்தை ஐஸ் இல்லாமல் கொண்டுவந்தால் அது வெறும் தண்ணீர்தான். பயிற்சிக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.