மார்கழியில் மல்லிகை

தை பிறந்ததும் மணவீட்டாரிடமிருந்து ஒரு முறையீடு எழுவதை ஆண்டுதோறும் கேட்கிறோம்: மல்லிகை அகப்படவில்லை, அகப்பட்டாலும் விலை கேட்கத் தரமன்று என்பதே அது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பீடத்தை அலங்கரிக்கும் நம் மாணவியரும் இதனையே கூறுகின்றனர். அண்மை ஆண்டுகளில் பொங்கலையொட்டிக் கிலோ 2000 ரூபாயைக் கடந்ததும் உண்டு. பழியோ சம்சாரியின்மேலும் தரகரின்மேலும் விழுகிறது. அப்பழியில் பெரும் பங்கு நம்முடையதென்பதே நம் கருத்து.

அருப்புக்கோட்டை என்னும் பெயரே அரும்புக்கோட்டை என்பதன் திரிபென்று ஊரார் கூறுவர். இவ்வூர் தொடங்கித் திருச்சுழி வரையுள்ள வானம் பார்த்த பூமியில் குளிரேது என்று நகைப்போரும் இருக்கலாம். மார்கழி இரவிலும் இங்கே வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடை அடுத்தே நிற்கும். நமக்கு அது இன்பக் குளிர். வெயிலையே உண்டு வளரும் குண்டுமல்லிகைக்கோ உறக்கக் காலம். புதுத்தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். குளிர் நாளில் தளிர் ஓடுவது குறைவு. ஆதலின் நம் சம்சாரிகள் கார்த்திகையில் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுச் செடியைக் கவாத்துச் செய்கின்றனர். பின் எருவிட்டு நீர் பாய்ச்சினால் பங்குனி முதல் பூக்கும்.

இதிலொரு விபரீதம் உண்டு. வடகிழக்குப் பருவமழையால் கிணறு நிறைந்திருக்கும் மாதங்களில் செடி உறங்குகிறது. அது விழித்துப் பூக்கும் சித்திரையில் கிணறு வறள்கிறது. குண்டாற்றை நம்பவும் இயலாது. நிறைந்த கிணற்றையும் தை மாத விலையையும் ஒருங்கே காணும் ஏழைச் சம்சாரி, கவாத்தைத் தள்ளிப்போட்டுச் சில படி அரும்பு எடுக்க ஆசைப்படுவதில் வியப்பென்ன? ஆசைப்பட்டவன் கோடைப் பூவில் இழக்கிறான்.

இத்தாலியில் தஸ்கனி நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோ பிரபுவும் இம்மலரின்மேல் பெருமோகங் கொண்டவர். ஆட்சி செய்தது 1670 முதல் 1723 வரை. தம் காஸ்தெல்லோ மாளிகைத் தோட்டத்தில் நம் மல்லிகைக்கென்றே வெப்பமூட்டிய மனையொன்றை அமைத்தார். அடுக்குமல்லிகையில் ஒருவகை இன்றும் தஸ்கனிப் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. அவருக்குக் கருவூலம் இருந்தது. இரண்டு குறுக்கம் செவல் நிலமும் அடகு வைத்த நகையும் உடையவன் அவ்விளையாட்டை ஆட முடியுமா?

மார்கழிக்கென்றே மலர்கள் இல்லாமற் போகவில்லை. பகல் குறுகினால் மொட்டு விடும் செடிகளும் உண்டென்று கார்னர், அல்லார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1920-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். நம் செவ்வந்தி அவ்வினத்தது. டிசம்பர் பூவோ தன் மாதத்தைப் பெயரிலேயே சுமந்து நிற்கிறது, வேலியோரத்திலும் செழிக்கும். மணமில்லை என்பர், மெய்தான். ஆயினும் அதன் ஊதா நிறத்தை நம் பாட்டிமார் கொண்டையில் கண்டவர்கள் குறை கூறார்.

வருகிற கிறிஸ்துமஸுக்கு நம் ஆலயப் பீடத்தைச் செவ்வந்தியாலும் டிசம்பர் பூவாலும் அலங்கரிக்குமாறு மாணவியரைக் கேட்டுக்கொள்கிறோம். மல்லிகைக்கு ஈஸ்டர் இருக்கிறது.