பீர் திருவிழாவும் 'நைன்டி' பாக்கெட்டும்

பெங்களூர், அக்.: இந்திரா நகர் நூறடி ரோட்டில் இந்த மாதத்துச் சனிக்கிழமை மாலைகளில் நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. பல 'பப்'களின் வாசலில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடிகள் தொங்குகின்றன. அவை ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து நிறங்கள். உள்ளே நீளமான மரப் பெஞ்சுகள், கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளைகள், காது அடைக்கும் பாட்டு. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் இளைஞர்களும் இளம் பெண்களும் மேசை கிடைப்பதற்காக வாசலில் காத்து நிற்கிறார்கள். அரை லிட்டர் குவளை ஒன்று 300 ரூபாய்க்குக் குறையாது. தொட்டுக்கொள்ள ஏதாவது வாங்கினால் பில் ஆயிரத்தைத் தாண்டும்.

ம்யூனிக் நகரத்தில் 1810 அக்டோபர் 12ந் தேதி இளவரசர் லுட்விக்கின் கல்யாணம் நடந்தது. அதையொட்டி ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் குதிரைப் பந்தயம் விட்டார்கள். அந்த மைதானத்துக்கு மணப்பெண் தெரேசாவின் பெயரே நிலைத்துவிட்டது. ஆண்டுதோறும் நடந்த அந்த விழாவில் பீர் பின்னால் வந்து சேர்ந்து பந்தயத்தை ஓரம் கட்டிற்று. அந்தக் கல்யாணத்தைத்தான் இந்திரா நகரில் இன்னமும் கொண்டாடுகிறார்கள் என்று சொன்னால், குவளையும் கையுமாக இருப்பவர்களில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்!

ஆனால் பீர் இந்த ஊருக்குப் புதிதல்ல. 'தண்டு' என்று நம்மவர்கள் சொல்லும் கன்டோன்மென்ட் 1809ல் ஏற்பட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பீர் வேண்டியிருந்தது. அவனுக்குச் சமையல் செய்யவும் கட்டடம் கட்டவும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். 1915ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டு பீர் ஆலைகள் சிலவற்றை ஒன்று சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை அமைத்தார். மாட்டு வண்டிகளில் பீப்பாய் பீப்பாயாகப் பட்டாளத்துக்குச் சரக்கு போயிற்று. அந்தக் கம்பெனியின் ஆலை இருந்த கிரான்ட் ரோடு இன்று விட்டல் மல்லையா ரோடு. ஆலை நின்ற இடத்தில் இப்போது வானளாவிய கட்டடங்களும், ஏழைகள் எட்டிப் பார்க்கவும் தயங்கும் கடைகளும் இருக்கின்றன. கம்பெனியே 2021ல் ஹெய்னெகென் என்ற டச்சுக் கம்பெனியின் பிடிக்குள் போய்விட்டது.

1980களில் சர்ச் தெரு வட்டாரத்தில் பப்கள் முளைத்தன. 2010ஐ ஒட்டி, கடைக்குள்ளேயே கொப்பரை வைத்துப் பீர் காய்ச்சி அங்கேயே விற்கும் கடைகள் வந்தன. மாம்பழக் காலத்தில் மாம்பழப் பீர் கூட உண்டு. சரக்கு புதிதாகவும் சுத்தமாகவும் இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

இரண்டு தெரு தள்ளி

இதே மாலை, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒயின் ஷாப்புக்குப் போனால் காட்சி வேறு. கட்டட வேலை முடித்துச் சிமென்ட் ஒட்டிய கைகளோடு வருகிறவர்கள், சுமை தூக்குவோர், ஆட்டோ டிரைவர்கள் கம்பிக் கதவுக்குள் கையை நீட்டி, நூறு ரூபாய்க்குள் அடங்கும் 'நைன்டி' பாக்கெட்டை வாங்குகிறார்கள். சில்லறைக் கடையில் உட்கார்ந்து குடிக்க அனுமதி கிடையாது. ஆகவே மின்கம்பத்து ஓரத்திலோ, நிறுத்தி வைத்த லாரியின் மறைவிலோ நின்றபடியே கவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் கலந்தால் அதிர்ஷ்டம். சாப்பாடு வயிற்றில் இருப்பது அபூர்வம்.

இங்கே ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 சதவீதம் ஆல்கஹால் உள்ள பீர் அரை லிட்டரில் 25 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. நம் நாட்டு விஸ்கி, பிராந்திக்கு வழக்கமான அளவு 42.8 சதவீதம். எனவே 90 மில்லி பாக்கெட்டில் 38 மில்லிக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது மூன்று, நான்கு மடங்கு பணம் கொடுப்பவர் வயிற்றில் குறைவாகவும், குறைந்த பணம் கொடுப்பவர் வயிற்றில் ஒன்றரை மடங்கும் போகிறது. முன்னவர் ஒரு குவளையை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு பேசுகிறார். பின்னவருக்கு ஒரு நிமிஷம் போதும். பப்பில் விற்பது பீர் மட்டுமல்ல. நாற்காலியும் தட்டுச் சோறும் நேரமும் சேர்ந்துதான் விற்கிறது.

இந்த வித்தியாசம் தானாக வந்ததல்ல. கர்நாடக சர்க்கார் பீர் மீதான கூடுதல் கலால் வரியை 2023 ஜூலையில் 175 சதவீதத்திலிருந்து 185 ஆக்கிற்று. 2025 ஜனவரியில் அது 195 ஆயிற்று; அதே ஆண்டு மே மாதம் 200 சதவீதத்துக்குப் போயிற்று. 2024 ஆகஸ்டில் உயர்ந்த ரகச் சரக்குகளின் வரியைக் குறைத்தார்கள். விலை அதிகமென்று அண்டை மாநிலத்துக்குப் போய் வாங்குகிறார்கள் என்பது காரணம். 2025 மே மாதமோ மிக மலிவான ரகங்களின் வரியை ஏற்றினார்கள். அண்டை மாநிலத்துக்குப் போக ஆட்டோ டிரைவருக்குக் கார் இல்லை அல்லவா!

கஜானாவின் நெருக்கடி புரியக்கூடியதே. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் கலால் வருமானம் 40,000 கோடி ரூபாய் என்று இலக்கு வைத்தார்கள். அதே ஆண்டு, வாக்களித்த ஐந்து திட்டங்களுக்கு ஒதுக்கியது சுமார் 51,000 கோடி. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் திட்டம் அதில் பெரியது. கணவனிடம் வாங்கி மனைவியிடம் கொடுக்கிறார்கள் என்று ஹோட்டல்களில் பேச்சு. 2025 மார்ச்சில் ஓர் எதிர்க்கட்சி அங்கத்தினர், ஆண்களுக்கும் வாரம் இரண்டு பாட்டில் இலவசமாகக் கொடுங்கள் என்று சட்டசபையிலேயே கேட்டுவிட்டார். சபை சிரித்தது. பெண் அங்கத்தினர்கள் சிரிக்கவில்லை.

விலை ஏறினால் என்ன ஆகும்?

விலையை ஏற்றினால் குடி குறையும் என்பது ஒரு வாதம். ஓரளவு உண்மையும் கூட. ஆனால் கூலிக்காரனுக்கு எட்டாத உயரத்துக்குப் போனால் அவன் எங்கே திரும்புவான் என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய பாடம் உண்டு. 1981 ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயம் குடித்து 300க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2007 ஜூலை 1ந் தேதி கர்நாடகத்தில் சாராயக் கடைகள் மூடப்பட்டன. பெண்கள் வாழ்த்தினார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் பாக்கெட் சாராயம் போன இடத்தை மலிவு விஸ்கியும், அதுவும் வாங்க முடியாதவர்களுக்குக் கள்ளச் சரக்கும் பிடித்தன. அடுத்த மே மாதமே கோலார், பெங்களூர் பக்கத்திலும் எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரியிலும் மெத்தில் ஆல்கஹால் கலந்த சரக்கு 150க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. டாஸ்மாக் கடைகள் நிறைந்த மாநிலத்திலேயே 60க்கு மேற்பட்டோர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

2017 ஜூலையில் நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகள் பற்றிய சுப்ரீம் கோர்ட் உத்தரவால் எம்.ஜி. ரோடு, இந்திரா நகர் பப்கள் மூடப்பட்டபோது நகரமே பேசிற்று. பத்திரிகைகள் எழுதின. சர்க்கார் சாலைகளின் பெயரையே மாற்றலாமா என்று யோசித்தது. கோர்ட்டும் நகர எல்லைக்குள் விலக்கு உண்டென்று விளக்கம் தந்தது. சில மாதங்களில் விளக்குகள் மறுபடி எரிந்தன. லாரி மறைவில் நிற்பவனுக்கு ஒரு பெஞ்சு வேண்டும் என்று எந்தக் கோர்ட்டிலும் வழக்கில்லை.

குடிக்காமல் இருப்பதே நல்லது என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் கடையைத் திறந்து வைத்துக் கொண்டு, அதில் வரும் பணத்தை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிவிட்ட சர்க்கார், மென்மையான பானத்துக்குப் பணக்கார விலையும் வன்மையான பானத்துக்கு ஏழை விலையும் வைப்பது என்ன நியாயம்? ஆல்கஹால் எவ்வளவோ அவ்வளவு வரி என்று போட்டால் பீர் இறங்கும். மலிவான ரகத்தை ஒரே அடியாக ஏற்றாமல், கள்ளச் சரக்கின் மேல் போலீஸ் கண்ணை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஏற்றலாம். சில்லறைக் கடையோடு உட்கார இடமும் சாப்பாடும் இருந்தால் ரோட்டில் விழுவதாவது குறையும்.

2024 ஆகஸ்டு முதல் பெங்களூர் நகர எல்லையில் பார்களும் ஹோட்டல்களும் இரவு 1 மணி வரை திறந்திருக்கலாம். திருவிழா நாட்களில் அந்த நேரம் வரை குவளைகள் நிரம்புகின்றன. அதற்குள் பெரும்பாலும் மெட்ரோ நின்றுவிடுகிறது. கடைசி மேசையைத் துடைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வரும் சமையல்கட்டுப் பையன்கள், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, இருட்டில் அல்சூர் பக்கம் நடக்கிறார்கள்.