ஊருக்கு ஒரு மின் கணக்கு

திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் பேருந்தில் சென்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கங்கைகொண்டானில் சிற்றாற்றைத் தாண்டிக் கயத்தாறை நெருங்க நெருங்க, இருபுறமும் காற்றாலைகள் நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அவற்றைச் சுழற்றுகிறது. கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்திலோ சூரிய மின்கலங்களும் மின்தகடுகளும் செய்யும் பெரிய ஆலை இயங்குகிறது. ஆண்டுக்கு 4.3 கிகாவாட் திறனுள்ள தகடுகள் செய்யத் திட்டமிட்ட டாடா நிறுவனத்தின் ஆலை அது. 2024-ல் அங்கு மின்கல உற்பத்தியும் தொடங்கிவிட்டது.

காற்றும் வெயிலும் இவ்வளவு இருக்கும் வட்டாரத்தில், உங்கள் ஊராட்சி மாதந்தோறும் எத்தனை யூனிட் மின்சாரம் செலவிடுகிறது என்று கேட்டால் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'அது ஊராட்சி எழுத்தரின் வேலை' என்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பருவநிலை மாற்றம் பற்றிய திட்டமெல்லாம் டெல்லியிலும் சென்னையிலும் தீட்டப்படுவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. திட்டம் தொடங்க வேண்டிய இடம் ஊராட்சியின் மின் கட்டண அட்டை என்பது என் கருத்து.

அந்த அட்டையில் என்ன இருக்கும்? பெரும்பகுதி இரண்டே செலவுதான்: குடிநீர் இறைப்பதும் தெருவிளக்கும். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலே இதற்குப் போதும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் சுமார் 1,800 பேர் உள்ள ஊருக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை 30 மீட்டர் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 2.94 கோடி ஜூல். அதாவது சற்றேறக்குறைய 8 யூனிட். பம்பு, மோட்டார், குழாய் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 40 பங்குதான் பயன் தருகின்றன என்றால் செலவு 20 யூனிட். பழைய பம்பை மாற்றினாலோ, கசியும் குழாயை அடைத்தாலோ எவ்வளவு மிச்சமாகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். தெருவிளக்கும் அப்படியே. சோக்கோடு சேர்ந்து 55 வாட் இழுக்கும் பழைய குழல் விளக்குகள் நூறு இருந்தால் ஓர் இரவுக்கு 66 யூனிட். அவற்றுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் என்றால் 24 யூனிட்.

இந்தக் கணக்கை உண்மையிலேயே போட்டுப் பார்த்த ஓர் ஊராட்சி நம் மாநிலத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறைதான் அது. ஆர். சண்முகம் தலைவராக இருந்த 1996-2006 காலத்தில் அங்கே குடிநீர்த் திட்டம் விரிந்தது. கூடவே மின் கட்டணமும் பன்மடங்கு ஏறியது. முதலில் விளக்குகளைக் கவனித்தார்கள். 2003-ல் மரத் துண்டுகளைக் கொண்டு வாயு தயாரித்து, அதனால் தண்ணீர் இறைக்கும் 9 கிலோவாட் அமைப்பு ஒன்றை நிறுவினார்கள். பிறகுதான் பெரிய முடிவு வந்தது. 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை ரூ.1.55 கோடி. ஊராட்சியின் சேமிப்பு ரூ.40 லட்சம், மீதி ரூ.1.15 கோடி வங்கிக் கடன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில், மைவாடியில் நிற்கிறது. காரணம் எளிது. காற்றிலிருந்து கிடைக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. ஆகவே காற்று உள்ள இடத்தில் ஆலையை நட்டு, மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் விட்டுக் கணக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நூற்பாலை முதலாளிகள் நெடுங்காலமாகச் செய்துவரும் காரியம்தான் இது. ஒரு கிராமமும் அதைச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றாமல் இருந்தது, அவ்வளவே.

அந்த ஆலை ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் தருவதாகவும், ஊரின் தேவை சுமார் 4.5 லட்சம் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். 350 கிலோவாட் எந்திரம் ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் கிடைக்குமே என்று கேட்பீர்கள். காற்று நம் விருப்பத்துக்கு வீசுவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல ஆலைதான்.

ஊர்ப் பணத்தில் 40 லட்சத்தை எடுத்துக் காற்றில் போடுவதற்கு ஊரார் சம்மதம் வேண்டும். அதற்கான இடம் கிராம சபை. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் (1992) ஊராட்சிகளுக்கெனப் பட்டியலிட்ட 29 துறைகளில் மரபுசாரா எரிசக்தியும் ஒன்று. ஆகவே இது யாரோ போடும் பிச்சையன்று, ஊராட்சியின் வேலையே. கேரளத்தில் வயநாட்டு மீனங்காடி ஊராட்சி 2016-ல் கரிச் சமநிலையைக் குறிக்கோளாகக் கொண்டபோது, எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று ஊரையே முதலில் அளந்தார்கள். பிறகு மரம் வளர்ப்போருக்கு மரத்தை ஈடாகக் கொண்டு வட்டியில்லாக் கடன் தரும் 'மர வங்கி' வந்தது. வெட்டாமல் நிற்கும் மரம் குடும்பத்துக்குப் பணமாகிறது.

அளக்காமல், கேட்காமல் செய்யும் திட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் பக்கத்துக் கரிசல் புறம்போக்கைத் 'தரிசு' என்று வரைபடத்தில் எழுதிச் சூரியத் தகடு பரப்பிவிடலாம். ஆனால் அங்கே ஆடு மேய்ப்பவரையும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவரையும் வரைபடம் காட்டுவதில்லை. அவர்கள் கிராம சபையில் எழுந்து பேசினால்தான் அந்த நிலம் காலியாக இல்லை என்பது தெரியும். அதனால் திட்டம் தாமதமாகலாம். தாமதமாகட்டுமே!

பருவநிலைத் திட்டம் என்பது கரியமில வாயுவைக் குறைப்பது மட்டுமன்று; வரும் இடரைத் தாங்குவதும்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டு, குடிநீர்த் திட்டங்கள் பல செயலிழந்தன, மின்சாரமும் இல்லை. ஊரெல்லாம் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

இப்போது ஒரு கேள்வி. ஊராட்சி அலுவலகக் கூரையில் சூரியத் தகடு இருந்தால், அன்று பம்பு ஓடியிருக்குமா? 'வெயில் வந்ததும் ஓடியிருக்கும்' என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் ஓடியிருக்காது. மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியவரைத் தாக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தனித்து இயங்க வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும், அல்லது சூரிய ஒளியிலேயே ஓடும் தனிப் பம்பு வேண்டும். செலவு கூடும். எல்லாக் கட்டடங்களுக்கும் தேவையில்லை. ஒரு தொட்டி, ஒரு துணைச் சுகாதார நிலையம், மக்கள் தங்கும் ஒரு பள்ளி என்று தேர்ந்தெடுக்கலாம். வெள்ளத்தில் எந்தக் கட்டடம் மூழ்கவில்லை என்பதைப் பொறியாளரைவிட ஊர்ப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள்.

உங்களுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. ஆகவே கிராம சபையில் வாக்கில்லை. ஆனால் கணக்குப் போட வயது தடையில்லை. உங்கள் தெருவில் எத்தனை விளக்குகள், எத்தனை வாட், பம்பு தினம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று நான்கு பேர் சேர்ந்தால் ஒரே வாரத்தில் எழுதிவிடலாம். அந்தத் தாளை வாக்குள்ள ஒருவர் கையில், அம்மாவோ சித்தப்பாவோ, கொடுத்தனுப்புங்கள். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் நவம்பர் 1-ஆம் தேதிக் கூட்டம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் வருகிறது. பம்பைப் பற்றிய கேள்வியை அன்று கேட்கச் சொல்லுங்கள்.