தூங்கத்தானே ரூம்?

கொஞ்சம் நீளமான பதிவுதான். முழு ஆண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீம் பார்க் கிளம்புகிறவர்கள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி நேற்று போனில் கூப்பிட்டாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். "டீச்சர், மே மாசம் சென்னை வொண்டர்லா போறோம். மாமியாரும் வர்றாங்க. எங்க ரூம் போடலாம்? தி.நகர்ல போட்டா துணியும் எடுத்துட்டு வந்துரலாம்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அதே வாரம்தான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மகனும் ஒரு ஓட்டல் லிங்க் போட்டிருந்தான். அதுவும் தி.நகர். கீழே ஒரு வரி: "நைட்டு தூங்கத்தானே ரூம், இது போதும்மா."

அந்த ஒரு வரியோடுதான் எனக்கு இரண்டு வருடமாகச் சண்டை.

2024 மே மாதம் பெங்களூர் வொண்டர்லாவுக்குப் போனோம். நான், வீட்டுக்காரர், மகன், மருமகள், பதினோரு வயதுப் பேரன், இரண்டு வயதுப் பேத்தி. ஆறு பேர். விருதுநகரில் இரவு மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பெங்களூர். மெஜஸ்டிக்கில் ஸ்டேஷன் பக்கமே ஒரு லாட்ஜில் இரண்டு ரூம், ஒன்று 1,600 ரூபாய் என்று மகன் ஆன்லைனில் போட்டு வைத்திருந்தான். போட்டோவில் வெள்ளை விரிப்பும் பூச்சாடியுமாக அழகாகத்தான் இருந்தது.

போய் நின்றால், பகல் 12 மணிக்குத்தான் ரூம் தருவோம் என்கிறார் கவுண்டரில் இருந்தவர். நம் ஊர் லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஆறு மணிக்குப் போனாலும் சாவி கொடுத்துவிடுவார்கள், மறுநாள் ஆறு மணிக்குக் காலி செய்தால் போதும். ஆன்லைனில் போடுகிற இடங்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. இதை நாங்கள் யாரும் கேட்டு வைக்கவில்லை. பெட்டிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, மறுபடி ஸ்டேஷனுக்கே போய்க் காத்திருப்போர் அறையில் வரிசையில் நின்று முகம் கழுவினோம். குளியல் இல்லை. அங்கிருந்து கார் பிடித்துக் கிளம்பினோம்.

பார்க் இருப்பது பெங்களூரில் இல்லை, பிடதியில். மைசூர் ரோட்டில் 28 கிலோமீட்டர். "அரை மணி நேரம்மா" என்றான் மகன். கெங்கேரி தாண்டுவதற்கே ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகிவிட்டது. பேத்தி வழியில் வாந்தி எடுத்தாள்.

பார்க்கை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். 82 ஏக்கர். மரம், நிழல், உட்காரப் பெஞ்சு எல்லாம் இருந்தது. ஆனால் 82 ஏக்கர் என்றால் நடக்க வேண்டாமா? எனக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால்கள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் உண்டு. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று பெரிய ராட்டினங்களின் முன்னால் எழுதியே போட்டிருக்கிறார்கள். தண்ணீர் விளையாட்டில் இறங்க நைலான் உடை வேண்டும், சேலையோடு விடமாட்டார்கள். அது நியாயம்தான், பாதுகாப்புக்காகச் செய்கிறார்கள். பேத்திக்கோ உயரம் 85 சென்டிமீட்டர் இல்லை. அதற்குக் கீழே டிக்கெட் கிடையாது என்று மகனுக்கு ஒரே சந்தோஷம். டிக்கெட் இல்லாத உயரத்துக்கு ராட்டினமும் அதிகம் இல்லை என்பது உள்ளே போன பிறகு புரிந்தது.

ஆக, ஆறு பேரில் மூன்று பேர் ஏறுகிறவர்கள். மூன்று பேர் பை காக்கிறவர்கள்.

பதினொன்றரை மணியிலிருந்து ஆறு மணி வரை நான் பெஞ்சில் இருந்தேன். மூன்று பெஞ்சு மாறினேன், வெயில் நகர நகர. பேத்தி ஒரு மணிக்குத் தூக்கத்துக்கு அழ ஆரம்பித்தாள். மடியில் போட்டுத் தட்டினால் அந்தப் பக்கம் இசை, இந்தப் பக்கம் கூச்சல், கண்ணை மூடுவாள், விழித்துக்கொள்வாள். இரண்டு மணிக்குத் தூங்கினாள். அவள் தூங்கிய ஒன்றேகால் மணி நேரமும் நான் காலை நீட்டவில்லை, பாத்ரூம் போகவில்லை. வீட்டுக்காரர் மாத்திரையை மெஜஸ்டிக்கில் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார். பேரன் நனைந்த தலையோடு நடுநடுவே ஓடி வந்து, "அப்பத்தா, இப்போ எதுல போனோம் தெரியுமா?" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போவான். அந்த முகத்துக்காக எல்லாம் பொறுக்கலாம். பொறுத்தேன்.

திரும்பி வரும்போது மாலை நெரிசல். ராத்திரி எட்டரைக்கு லாட்ஜ். ரூம் மூன்றாவது மாடியில். லிப்ட் இல்லை. போட்டோவில் மாடிப்படி வராது, பாருங்கள். ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். மருமகள் பின்னாலேயே வந்தாள், "அத்தை, பையை நான் வாங்கிக்கிறேன்" என்று. அவள் கையில் ஏற்கெனவே குழந்தை. மறுநாள் லால்பாக் போவதாகத் திட்டம். என் கால் வீங்கியிருந்ததால் எல்லோரும் ரூமிலேயே கிடந்தோம். பேரன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

ஊருக்கு வந்ததும், இனி எந்த டூருக்கும் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் அவர்கள் மட்டும் கொச்சி போனார்கள். போட்டோ அனுப்பினார்கள். பேத்தி ஓடுகிற வீடியோவைப் போனில் பார்த்தேன்.

இப்போது யோசித்தால், நான் கோபித்துக்கொண்டது டூரை இல்லை, ரூமை. பார்க்கிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு ரூம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? காலையில் எல்லோரும் குளித்து, பிடதியில் தட்டே இட்லி சாப்பிட்டிருப்போம். தட்டு அகலத்துக்கு ஒரு இட்லி, அந்த ஊர் அதற்குப் பேர் போனது. பக்கத்தில் இருந்தும் நாங்கள் ருசி பார்க்காமல் வந்தோம். ஒரு மணிக்கு நானும் பேத்தியும் ஆட்டோவில் ரூமுக்குத் திரும்பியிருப்போம். அவள் கட்டிலில் தூங்கியிருப்பாள், நான் காலை நீட்டியிருப்பேன். மாலை அவர்கள் வரும்போது பேரன் கதையைக் கேட்க எனக்குத் தெம்பு இருந்திருக்கும்.

காசு? நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடதிப் பக்கம் அப்போது நாங்கள் பார்த்த ரூம் 2,700. இரண்டு ரூமுக்கு 2,200 ரூபாய் கூடுதல். கார் வாடகையில் மிச்சமாகும் என்று நினைத்தேன், ஆகாது. ஸ்டேஷனிலிருந்து எப்படியும் போய் வரத்தான் வேண்டும். பொய்க் கணக்கு சொல்லமாட்டேன், கூடுதல் கூடுதல்தான். ஆனால் எதிலும் ஏறாத எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தானே, அந்தக் காசு கிட்டத்தட்ட இதே அளவு. கிட்டத்தில் ரூம் இருந்திருந்தால் வீட்டுக்காரர் பார்க்குக்குள் வந்திருக்கவே வேண்டாம். பேப்பரும் டிவியும் போதும் அவருக்கு, மாத்திரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும்.

நான் வேலை பார்த்தபோது பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போவோம். எங்கள் தலைமையாசிரியர் தங்குமிடம் பேசும்போது வாடகையைக் கடைசியாகத்தான் கேட்பார். முதலில், கக்கூஸ் எத்தனை. அடுத்து, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும். மூன்றாவது, காய்ச்சல் வந்த பிள்ளையைப் படுக்கவைக்கத் தனி அறை உண்டா. நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றெட்டுப் பேர் எங்கே போட்டாலும் தூங்கிவிடுவார்கள், மற்ற இரண்டு பேருக்காகத்தான் இடம் பார்க்கிறோம் என்பார். அன்று அவரைக் கிண்டல் செய்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

ராட்டினத்தில் ஏறுகிறவர்களுக்கு ரூம் தூங்க மட்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு எங்கே போட்டாலும் தூக்கம் வரும். ஏறாதவருக்குத்தான் பகலிலும் ரூம் வேண்டும். அவர் மாமியாராக இருக்கலாம், கைக்குழந்தையாக இருக்கலாம், மாசமாக இருக்கிற மருமகளாக இருக்கலாம். அவரை மனதில் வைத்து ரூம் போடுங்கள். வயசுப் பிள்ளைகள், புதுசாகக் கல்யாணமானவர்கள், கல்லூரி நண்பர்கள் எல்லாம் மெஜஸ்டிக்கில் தாராளமாகப் போடலாம். இப்போது மெட்ரோவும் கெங்கேரி தாண்டி சல்லகட்டா வரை வந்துவிட்டது, அங்கிருந்து பாக்கித் தூரத்துக்கு பஸ்ஸோ காரோ பிடித்தால் போதும்.

பார்க்காரர்களே நடத்தும் ரிசார்ட்டும் பெங்களூர் வொண்டர்லாவை ஒட்டியே இருக்கிறது. வசதி உள்ளவர்களுக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை. எங்களுக்கு அது கைக்கு எட்டாத விலை. ஆனால் பெங்களூரில் மூன்று நாள் இருக்கப்போகிறவர்கள், பார்க் போகிற நாளுக்கு மட்டும் ஒரு ராத்திரி கிட்டத்தில் எடுத்துவிட்டு மீதி நாளைச் சிக்கனமாகக் கழிக்கலாமே. மூன்று நாளும் ஒரே இடத்தில்தான் தங்க வேண்டும் என்று யார் சொன்னது?

சரி, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சென்னை வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. பேர்தான் சென்னை, இருப்பது திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். தி.நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கிறது. கைக்குழந்தையோடும் மாமியாரோடும் அதில் போகவர வேண்டுமா?

தெற்கிலிருந்து வருகிறவர்கள் எழும்பூர் வரை போகாதீர்கள். நம் பக்கத்து ரயில்கள் பலவும் செங்கல்பட்டில் நிற்கும். அங்கிருந்து திருப்போரூருக்கு நேர் ரோடு, 25 கிலோமீட்டர் சொச்சம்தான். எழும்பூர் போய்விட்டு அதே தூரத்தைத் திரும்பி வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. ரயில் விடியுமுன் போய்ச் சேரும் என்றால், அந்நேரத்துக்கு ரூம் கிடைக்குமா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் பாருங்கள். கிடைக்காவிட்டால் மாமல்லபுரம். அது சுமார் 15 கிலோமீட்டர், எல்லா விலையிலும் ரூம் உண்டு. மாமியாருக்குத் திருப்போரூரில் கந்தசாமி கோயில் இருக்கிறது, சிதம்பர சுவாமிகள் எடுத்துக் கட்டியது. அவர் காலையில் நிம்மதியாக முருகனைப் பார்த்துவிட்டு ரூமுக்கு வந்து படுக்கட்டும். பொடிசுகளுக்கு மறுநாள் வடநெம்மேலி முதலைப் பண்ணை. துணி எடுக்க விருதுநகரிலேயே கடை இருக்கிறது, அதற்கு எதற்குத் தி.நகர்?

ரூம் போடுமுன் ஆன்லைனில் பார்த்ததோடு நிற்காமல் போன் பண்ணிப் பேசுங்கள். தரைத்தளம் உண்டா, இல்லையென்றால் லிப்ட் ஓடுகிறதா ("இருக்கிறதா" என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள்), வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, ஈரத்துணி காயப்போடக் கொடி கட்ட இடம் உண்டா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். ஆறு பேருடைய நனைந்த துணியைப் பாலிதீன் பையில் கட்டி ரயிலில் ஊர் கொண்டுவந்து சேர்த்தவளுக்குத்தான் தெரியும். பார்க் கேட்டிலும் ஒன்று கேளுங்கள், நடுவில் வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்று. அதைப் பொறுத்துத்தான் யார் எப்போது ரூமுக்குத் திரும்புவது என்று முடிவு செய்ய முடியும்.

என் மகனும் இந்தப் பதிவைப் படிப்பான். அவன் நல்ல பிள்ளை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து எங்களையும் சேர்த்துக் கூட்டிப்போக நினைக்கிறான், எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அதனால்தான் இந்த முறை வரமாட்டேன் என்று சொல்லவில்லை. குடும்பக் குழுவில் அவன் போட்ட லிங்குக்குக் கீழே எழுதினேன்: "தி.நகர் வேண்டாம். திருப்போரூர் பக்கம், தரைத்தளம். டிக்கெட் உங்கள் மூணு பேருக்கும் பாப்பாவுக்கும் மட்டும் எடு. அவள் இப்போ வளர்ந்துட்டா. நானும் அப்பாவும் கோயிலுக்குப் போறோம்."

மருமகள் உடனே ஒரு கைகூப்பல் போட்டாள். பேரன் தன் அம்மா போனிலிருந்து, "அப்பத்தா வர்றியா!!!" என்று மூன்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறான். மகனிடமிருந்து இதுவரை நீல டிக் மட்டும்தான்.