ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்!

பள்ளிக்கூடத்தில் "கரைசலின் செறிவு" என்று ஒரு பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள். செறிவு என்றால் என்ன? இவ்வளவு தண்ணீரில் இவ்வளவு சரக்கு கரைந்திருக்கிறது என்கிற கணக்கு. அவ்வளவுதான்!

பிள்ளைகள் சூத்திரத்தை நெட்டுருப் போடுகிறார்கள். மார்க் வாங்குகிறார்கள். மறுநாளே மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வைத்துச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. இதில் கணக்குத் தப்பினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து!

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு டாக்டர்கள் கொடுக்கச் சொல்லும் தூள் இது. பெரிய பொட்டலத்தில் 20.5 கிராம் இருக்கும். 13.5 கிராம் குளுக்கோஸ். மற்ற 7 கிராமும் உப்பு வகைகள். இதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டும். அப்போது 100 மில்லிக்கு 2.05 கிராம். அதாவது சுமார் 2 சதவீதம்.

"குழந்தை எங்கே ஒரு லிட்டர் குடிக்கப் போகிறது?" என்று நினைத்து, முழுப் பொட்டலத்தையும் 200 மில்லி தம்ளரில் கொட்டிக் கலக்கினால் என்ன ஆகும்? செறிவு ஐந்து மடங்கு! உப்பு வகைகள் மட்டும் 100 மில்லிக்கு 3.5 கிராம். கடல் தண்ணீரிலும் ஏறக்குறைய இவ்வளவுதான் உப்பு!

அது குழந்தையின் உடம்பில் மிச்சம் இருக்கிற நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். பேதி அதிகமாகும். இரத்தத்தில் உப்பு ஏறும். வலிப்புகூட வரலாம். தண்ணீரை அதிகமாக ஊற்றினாலும் தவறுதான். இழந்த உப்பு ஈடாகாது.

அளவாகக் கலந்தால் அதே கரைசல் உயிரைக் காக்கும். 1971ம் ஆண்டு வங்காள தேச யுத்தத்தின்போது, மேற்கு வங்காளத்தில் உள்ள பாங்கான் ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. ஊசி மூலம் ஏற்றும் உப்பு நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்ன செய்தார்? உப்பு, குளுக்கோஸ், ஆப்ப சோடா மூன்றையும் அளந்து, தண்ணீரில் கரைத்து, குடிக்கக் கொடுத்தார். நோய் கண்ட 100 பேரில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

"பொட்டலத்தின் மேலேயே எழுதியிருக்கிறதே, கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சரி, தம்ளரில் அளவு எழுதியிருக்கிறதா? வீட்டுக்கு வீடு தம்ளர் வேறு. கடையில் 200 மில்லிக்கு உரிய சிறு பொட்டலமும் விற்கிறார்கள். இரண்டையும் குழப்பிவிடக்கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வீட்டில் இருந்தால், பெரிய பொட்டலத்துக்கு அதுவே நல்ல அளவு. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக்கூடாது.

வாத்தியார்கள் அடுத்த பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை அம்மா அரை லிட்டரில் கரைத்துவிட்டாள். குழந்தைக்குக் கொடுக்குமுன் இன்னும் எவ்வளவு தண்ணீர் சேர்க்கவேண்டும்?"