உண்ணாமையும் விலக்கும்: மதுரை வட்டாரத்தில் குதிரை இறைச்சி குறித்த மனப்பாங்கு

முன்னுரை

மதுரை இறைச்சியுணவுக்குப் பெயர்பெற்ற நகரம். ஆட்டின் தலை, கால், குடல், ஈரல், இரத்தம் என எதையும் கழிக்காமல் சமைக்கும் கைப்பக்குவம் அதன் தெருவோர உணவகங்களிலேயே காணக் கிடைக்கிறது. கோழியும் மீனும் காடையும் அங்கு விலைபோகின்றன. நகரைச் சூழ்ந்த சமவெளி ஊர்களில் முயலும் வயல் நண்டும் உண்ணப்பட்டு வந்துள்ளன. இத்துணை விரிந்த உணவுப் பரப்பில் குதிரை இறைச்சிக்கு மட்டும் இடமில்லை. காரணம் வினவினால், 'குதிரை தெய்வத்தின் ஊர்தி. ஆதலால் மரபு அதனை விலக்கியது' என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விடை முழுமையானதன்று. உண்ணப்படாத ஒன்றை விலக்கப்பட்ட ஒன்றாகக் கொள்ளும் பிழை இதில் உள்ளது. அப்பிழை குதிரையோடு நின்றுவிடுவதும் இல்லை.

பழஞ்சான்றுகளில் குதிரை

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அகழாய்வு அறிக்கை, அங்குக் கிடைத்த விலங்கெலும்புகளை இனம்பிரித்துக் காட்டுகிறது. திமிலுள்ள காளை, பசு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு, நீலமான், கலைமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. சில எலும்புகளில் காணப்படும் வெட்டுத்தடங்கள் அவ்விலங்குகள் உணவாகப் பயன்பட்டமையைச் சுட்டுகின்றன. குதிரை அப்பட்டியலில் இல்லை. சங்க இலக்கியமும் ஆடு, பன்றி, மான், உடும்பு, முயல், மீன் முதலியவற்றின் ஊனைப் பேசுகிறது. குதிரையை அது தேரோடும் போரோடும் காதலன் வருகையோடும் மட்டுமே இணைக்கிறது.

குதிரை இங்கு வந்த வழியை இலக்கியமே தெளிவாக்குகிறது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களுள் கடல்வழி வந்த குதிரையையும் எண்ணுகிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும் கலங்களில் கொணரப்பட்ட புரவியைக் குறிக்கிறது. 'பெருவழுதி' என்னும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிப்புடைய பாண்டியர் காசில் குதிரை உருவம் இடம்பெற்றுள்ளது. ஆக, பாண்டிய நாட்டில் குதிரை தொடக்கம் முதலே வாங்கப்பட்ட விலங்கு; வீட்டுக் கொட்டிலில் பெருகிய விலங்கன்று.

விலையும் உணவும்

பிற்காலப் பாண்டியர் காலத்தில் இந்நிலை உச்சத்தை அடைந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தையும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலையையும், வழியில் இறந்த குதிரைக்கும் பணம் தரப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, வந்திறங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை தக்க பராமரிப்பின்றி ஓராண்டுக்குள் மடிந்தன என்கிறார். அவற்றுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியும் தீனியாக இடப்பட்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார். பிற விலங்கின் இறைச்சியை ஊட்டிக் காக்கப்பட வேண்டிய அளவுக்கு அருமையான விலங்கு, இறைச்சிக்காக வளர்க்கப்படும் வாய்ப்பே எழவில்லை. அரசன் கருவூலத்தைக் கரைத்து வாங்கிய ஒன்றை உழவன் உலையில் இடுவது எங்ஙனம்?

மாணிக்கவாசகர் வரலாறும் இப்பொருளியலின் மேல்தான் நிற்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பொருள் திருப்பெருந்துறையில் செலவானதே அக்கதையின் சிக்கல். பரிகள் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறியதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். குதிரையை இரையாக்கும் செயலை மதுரையின் கதைமரபு நரிக்கே உரியதாக்கியது.

தெய்வ ஊர்தி என்னும் விளக்கம்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். ஊர் எல்லைகளில் ஐயனாருக்கு வேளார் செய்தளிக்கும் சுடுமண் புரவிகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றால் குதிரைக்குப் புனிதம் ஏறியிருப்பது உண்மை. ஆயினும் புனிதம் மட்டுமே உண்ணாமைக்குக் காரணமாகுமாயின், மீன் எவ்வாறு உண்ணப்படுகிறது? மீன் பாண்டியரின் கொடி. மதுரைத் தெய்வத்தின் பெயரிலேயே அது உள்ளது. ஆட்டுக்கிடாயும் முருகனின் ஊர்திகளுள் ஒன்று. சேவல் அவன் கொடி. தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவனே பால்கொடுத்த படலமும் திருவிளையாடலில் உண்டு. இவை யாவும் உண்ணப்படுகின்றன.

ஐயனார் கோயில் வழக்கம் இன்னும் நுட்பமானது. ஐயனாருக்குப் புலாற் படையல் இல்லை. கருப்பருக்கு ஆட்டுக்கிடாய் பலியாகும்போது ஐயனாருக்கு முன் திரையிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கிடாய் உயிரோடு வந்து உணவாகிறது. குதிரை மண்ணால் ஆகி வந்து ஐயனாரின் ஏவலில் நிற்கிறது. எளியோர் விலைகொடுத்து வாங்க இயலாத விலங்கை மண்ணில் செய்து தெய்வத்துக்கு அளித்தனர் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அருமை முன்னது, புனிதம் அதன்மேல் எழுந்தது.

சமய விதியும் வழக்கும்

விதிதான் காரணம் என்போர்க்கும் சான்றுகள் துணைசெய்யவில்லை. வேத மரபில் குதிரை வேள்வி விலங்கு. இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்துப் பாடல் ஒன்று அதன் ஊன் சமைக்கப்படுவதையும் பங்கினை எதிர்நோக்கி நிற்போரையும் குறிக்கிறது. இசுலாமியச் சட்டமரபுகளுள் ஷாஃபி பிரிவு குதிரை இறைச்சியை ஏற்கிறது. ஹனஃபி பிரிவில் அது வெறுக்கத்தக்கதாகக் கருதப்படுகிறது. காயல்பட்டினத்து மரைக்காயர் ஷாஃபி வழியினர்; குதிரையோடு தொடர்புடைய பட்டப்பெயர் கொண்ட இராவுத்தர் ஹனஃபி வழியினர். சட்டம் வேறுபட்டும் இரு சாராரின் சமையலிலும் குதிரை இல்லை. விதி அனுமதித்த இடத்திலும் வழக்கு உருவாகவில்லை.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 732இல் போப்பாண்டவர் மூன்றாம் கிரெகோரி, செருமானிய மக்களிடையே நிலவிய குதிரை இறைச்சி வழக்கத்தைத் தடுக்குமாறு போனிபேசுக்கு எழுதினார். வழக்கம் இருந்ததால் விலக்கு தேவைப்பட்டது. பிரான்சு 1866இல் அதன் விற்பனையை முறைப்படி ஏற்றது. கசாக்கியரும் சப்பானின் குமாமோட்டோ மக்களும் அதனை விருந்துணவாகப் போற்றுகின்றனர். விலக்கு என்பது வழக்கத்தை எதிர்கொண்டு பிறப்பது. வழக்கமே இல்லாத இடத்தில் காணப்படுவது வெறும் உண்ணாமை.

வேறுபாட்டின் தேவை

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி மட்டுமன்று. உண்ணாமை 'மரபின் விலக்கு' எனப் பெயர் பெறும்போது, பிறவற்றை உண்போர் மரபுக்குப் புறம்பானவராக்கப்படுகின்றனர். மாட்டிறைச்சி உண்போர் மீது சுமத்தப்படும் இழிவு இவ்வழியே நியாயம் தேடுகிறது. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் நிலையத்தில் கைப்பற்றப்பட்ட இறைச்சி நாய்க்கறி எனப் பரவிய செய்தி, அது ஆட்டிறைச்சியே என ஆய்வில் தெளியும் முன்பே பிரியாணிக் கடைகளையும் அவற்றை நம்பி வாழ்வோரையும் தாக்கியது. அருவருப்பு உணவில் தொடங்கினும் அதனை விற்பவர் மீதும் உண்பவர் மீதும் சென்று படிகிறது.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இங்கு நினைக்கத்தக்கது. வள்ளுவரின் மறுப்பு அருளின்பாற்பட்டது; அது விலங்குகளுக்கு இடையே உயர்வுதாழ்வு வகுப்பதில்லை. ஆட்டை உண்டு குதிரைக்கு முகம்சுளிப்பவர் அவ்வறத்தைத் துணைக்கு அழைக்க இயலாது. அதேபோல், வளர்த்த உயிரின் மீதுள்ள பற்றும் மதிக்கத்தக்க காரணமே. சல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலையிட்டு அடக்கம் செய்யும் ஊர்கள் மதுரைப் பகுதியில் உண்டு. அப்பற்று குறிப்பிட்ட ஓர் உயிரோடு கொண்ட உறவால் வருவது. அதனைக் கொண்டு அயலார் தட்டை அளக்க முடியாது.

நிறைவுரை

மதுரை வட்டாரத்தில் குதிரை உண்ணப்படாமைக்கு அதன் அருமையும் விலையும் அடிப்படை. புனிதம் பின்னர்ச் சேர்ந்தது. விதி தனித்துத் தீர்மானித்ததாகச் சான்றில்லை. குதிரை இறைச்சியை எவரும் உண்ணத் தொடங்க வேண்டும் என்பது இதன் முடிவன்று. உணவுப் பண்பாட்டை ஆராய்வோர், ஓர் உணவு இல்லாமையைக் காணுமிடத்து, அது அருளால் மறுக்கப்பட்டதா, விதியால் விலக்கப்பட்டதா, பற்றால் தவிர்க்கப்பட்டதா, கிடைக்காமையால் வழங்காது போனதா எனப் பிரித்தறிதல் வேண்டும். அங்ஙனம் பிரித்தறியாமல் மரபு என்னும் ஒரே சொல்லால் நான்கையும் மூடுவது, ஆய்வுக்கும் பிழை. உண்ணும் மக்களுக்கும் அநீதி.