ஒரு பல் தப்பினால்…

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஸ்பேனர்கள், எண்ணெய்த் துணி, ஒரு டப்பா நிறைய போல்ட்டுகள். கல்லூரியில் படிக்கும் மகன் அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் டைமிங் செயினை மாற்றி முடித்துவிட்டான். சில மாதமாகவே எஞ்சினில் கரகரவென்று சத்தம். கூலியை மிச்சம் பிடிக்கலாமே என்று வீடியோ பார்த்துத் தானே இறங்கிவிட்டான்.

எல்லாவற்றையும் மூடியாயிற்று. கிக்கரை மிதிக்கிறான். வண்டி ஒரு தடவை இருமுகிறது. கார்புரேட்டர் பக்கம் 'பட்' என்று சத்தம். அவ்வளவுதான்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்டா" என்கிறார் அப்பா. குரலில் கோபம் இல்லை, கவலை இருக்கிறது. வீட்டில் இருப்பது அந்த ஒரு வண்டிதான்.

இது எந்த ஊர், எந்த வீடு என்று கேட்க வேண்டியதில்லை. ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படும் பிள்ளை இருக்கும் பல வீடுகளில் நடப்பதுதான். இனி பையன் அடுத்து என்ன செய்கிறான் என்பதில்தான் செலவு சின்னதா, பெரியதா என்பது இருக்கிறது. பெரும்பாலும் என்ன செய்வார்கள்? இன்னும் இருபது தடவை மிதிப்பார்கள். அதுவும் ஆகவில்லை என்றால் தெருவில் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பார்கள். இரண்டுமே கூடாது.

நல்லவேளை, அப்பா தெருமுனை மெக்கானிக்குக்குப் போன் போட்டார். கடை லீவு. ஆனாலும் மனிதர் போனை எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, மிதிக்காதே. பிளக்கைக் கழற்று."

ஏன் மிதிக்கக் கூடாது?

இரண்டு பேர் ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும். தாளம் தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும்.

எஞ்சினுக்குள்ளும் அப்படித்தான். பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. பெட்ரோல் காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. அவற்றைத் திறந்து மூடுவது கேம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்த இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பதுதான் டைமிங் செயின்.

ஒரு பல்தானே என்று நினைக்கத் தோன்றும். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 32 பல் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது 11.25 டிகிரி. கிராங்க் கணக்கில் அது இரண்டு மடங்கு, 22.5 டிகிரி. வால்வு மூட வேண்டிய நேரத்தில் திறந்திருக்க இது போதும். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆனாலும் இழுவை இருக்காது, சூடேறும், பெட்ரோல் குடிக்கும். இரண்டு மூன்று பல் தப்பினால், சில எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

குறி எங்கே இருக்கிறது?

மெக்கானிக் சொல்லச் சொல்ல, பையன் சாவியை ஆஃப் செய்து, வண்டியை நியூட்ரலில் போட்டு, பிளக்கைக் கழற்றினான். சாவி ஆனில் இருந்தால் பிளக் ஓட்டை வழியாக வரும் பெட்ரோல் ஆவிக்கும் பொறிக்கும் நடுவில் ஆபத்து உண்டு. பிளக் இல்லாததால் எஞ்சின் கையால் எளிதில் சுற்றும்.

இடது பக்கம் மேக்னட் கவரில் இரண்டு மூடிகள். நடு மூடி வழியாக ஸ்பேனரைப் போட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது எஞ்சின் ஓடும் திசையில், மெல்லச் சுற்ற வேண்டும். மேல் மூடி வழியாக மேக்னட்டில் குறி தெரியும். 'டி' என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே 'எஃப்' என்று இன்னொன்று இருக்கும். அது பிளக்கில் பொறி விழும் இடம். அவசரத்தில் 'எஃப்'பை வைத்துச் செயின் மாட்டுகிறவர்கள் நிறைய.

பையன் 'டி'யைத்தான் வைத்திருந்தான். இப்போதும் 'டி' நேராக வந்தது. ஆனால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் இருக்கும் குறி, ஹெட்டில் இருக்கும் வெட்டுக்கு ஒரு பல் தள்ளி நின்றது.

"நான் சரியாத்தான் வெச்சேன் அண்ணே."

"டென்ஷனர் போடறதுக்கு முன்னாடி பார்த்தியா, பின்னாடி பார்த்தியா?"

"முன்னாடி."

"அதான்."

செயினில் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கமே இருக்க வேண்டும். மறுபக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். பையன் மாட்டும்போது விறைப்பாக இருக்க வேண்டிய பக்கத்தில் கொஞ்சம் தொய்வு தங்கிவிட்டது. டென்ஷனர் அழுத்தியதும் அந்தத் தொய்வு இழுபட்டு, கேமையும் திருப்பிவிட்டது. குறியைக் கண்ணால் பார்த்து வைத்தவன் ஏமாறுவது இங்கேதான்.

சரி செய்த விதம்

டென்ஷனரைத் தளர்த்தினான். செயின் உள்ளே விழாமல் ஒரு கம்பியால் கட்டி வைத்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றினான். செயின் கழன்றிருக்கும்போது கிராங்கைச் சுற்றக் கூடாது. கீழே மடங்கிச் சிக்கிக்கொள்ளும். விறைப்புப் பக்கத்தை இழுத்துப் பிடித்து, ஒரு பல் மாற்றி மாட்டி, டென்ஷனரைப் போட்டான்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. கையால் இரண்டு முழுச் சுற்று. ஒரு சுற்றில் 'டி' நேராக வரும், ஆனால் கேம் குறி எதிர்ப்பக்கம் போயிருக்கும். பயப்பட வேண்டாம், கேம் பாதிச் சுற்றுதான் சுற்றியிருக்கிறது. இரண்டாவது சுற்றில் இரண்டும் நேராக வந்தால் டைமிங் சரி. நடுவில் எங்காவது கெட்டியாக இடித்து நின்றால், பலம் போட்டுத் திருப்பக் கூடாது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். செயினிலேயே பெயிண்ட் அடித்து அடையாளம் வைப்பவர்கள், இரண்டு சுற்றில் அது பழைய இடத்துக்கு வராததைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். செயின் குறி வராது. ஸ்ப்ராக்கெட் குறிதான் வரும்.

டேப்பெட் பார்ப்பதிலும் இந்த இரண்டு சுற்றுக் கணக்கு உண்டு. 'டி' வரும்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னொரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். தப்பான சுற்றில் இடைவெளி வைத்தால், பிறகு டக் டக்கென்று சத்தமும் இழுவைக் குறைவும்தான் மிச்சம்.

எல்லாக் குறியும் சரியாக இருந்தும் பொறி தப்பான நேரத்தில் விழுகிறதா? மேக்னட்டைக் கிராங்கில் நிறுத்தும் சின்ன அரைவட்டச் சாவி உடைந்திருக்கலாம். மேக்னட் நகர்ந்துவிட்டால் அதில் இருக்கும் 'டி'யும் பொய் சொல்லும். டைமிங் சரி செய்த பிறகும் கிக்கர் காற்றில் மிதிப்பது போல லேசாக இறங்கினால் வால்வு வளைந்திருக்கக் கூடும். அப்போது வண்டியைக் கடைக்குக் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். எதை எதைக் கழற்றினோம், எத்தனை தடவை மிதித்தோம் என்பதை மறைக்காமல் சொன்னால், மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

இந்த வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. பிளக்கை மாட்டி, மூன்றாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. கரகரப்பும் இல்லை.

போனை வைப்பதற்கு முன் மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார்: "அடுத்த தடவை கழற்றும் முன்னாடியே 'டி'யில நிறுத்தி, செல்போன்ல நாலு போட்டோ எடுத்து வெச்சுக்கோ தம்பி."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை எடுத்துத் தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய் வந்தார். திரும்பி வந்து, எண்ணெய்க் கையோடு நின்ற மகனிடம் சாவியை நீட்டினார்.

"நீயும் ஒரு ரவுண்டு போய்ட்டு வா."